உப்புப் போட்டி

சலோவா ஒரே பொய்யை முப்பத்தொரு தடவை எழுதியிருந்தாள். அதுவும் அரசாங்கப் படிவத்தில், அரசாங்கப் பேனாவால், கீழே தன் கையெழுத்தோடு.

தீவு அலுவலகத்துக்கு அவள்தான் எழுத்தர். வேறு ஆள் கிடையாது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஃபுனாஃபுட்டியிலிருந்து, அதாவது தலைநகரிலிருந்து, ஒரு கட்டுப் படிவம் வந்தது. கிழங்குக் குழி வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் போய், குழித் தண்ணீரில் உப்பு ஏறியிருக்கிறதா, கிழங்கு எப்படி என்று கேட்டு நிரப்ப வேண்டும். முப்பத்தொரு குழி, முப்பத்தொரு ஆண்கள். ஒவ்வொருத்தனும் மூக்கைச் சொறிந்துகொண்டு, தென்னை மரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டு ஒரே பதில் சொன்னான். "நல்லா இருக்கு."

பசிபிக் தீவு நாடான துவாலுவில் ஒரு ஆணிடம் கடைசியாக எப்போது குளித்தாய் என்று கேட்கலாம். மாமியாரோடு என்ன சண்டை என்று கேட்கலாம். அவனுடைய புலாக்காக் குழியைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. புலாக்கா என்பது சேப்பங்கிழங்குக்குப் பெரியண்ணன். இலை குடை அகலம். நல்ல தண்ணீர் தட்டுப்படும்வரை பவளப் பாறையைத் தோண்டி, அந்தக் குழிக்குள் நட்டு, அடியில் தழை உரம் போட்டு வருஷக்கணக்கில் வளர்ப்பார்கள். என்ன தழை, எத்தனை கூடை, எந்த மாதம் என்பதெல்லாம் அப்பன் மகனுக்கு மட்டும் சொல்வது. கிழங்கின் பருமன்தான் ஆளின் பருமன். கிழங்கு அழுகிவிட்டது என்று ஒருவன் வாயால் சொல்வதும், நடுத்தெருவில் இடுப்புத்துணியை அவிழ்ப்பதும் ஒன்று.

கிழங்கு அழுகித்தான் போயிருந்தது. கடல் வாசல் வழியாக வரவில்லை, தரைக்கு அடியிலிருந்து வந்தது. எங்கெங்கோ இருநூறு வருஷமாகக் கரியையும் எண்ணெயையும் எரித்தார்கள். காற்று சூடாகிப் பனி உருகியது. கடலும் சூடேறி வீங்கியது. வீங்கிய கடல் பவளப் பாறையின் ஓட்டைகளில் ஏறி, குழிக்குள் இருந்த நல்ல தண்ணீரை உப்பாக்கியது. எரித்தவர்களில் ஒருவனுக்கும் இந்தத் தீவின் பெயர் தெரியாது. தீவில் ஓடுவது ஏழு மோட்டார் சைக்கிள். அதில் இரண்டைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

சலோவாவின் புருஷன் கைட்டுவின் குழி செத்து இரண்டு வருஷம். வீட்டில் கப்பலில் வரும் அரிசியும் டின் இறைச்சியும்தான். கைட்டுவுக்குச் சர்க்கரை வேறு. அவனிடமும் அவள் படிவத்தோடு போய் உட்கார்ந்திருந்தாள்.

"குழி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"கைட்டு, நான் உன் பொண்டாட்டி."

"அப்போ இன்னும் நல்லா இருக்கு."

எழுதினாள். அவர்கள் சொன்னதை எழுதுவதுதான் தன் வேலை என்று சமாதானம் செய்துகொண்டாள்.

அந்தப் படிவங்களுக்கு இப்போது பதில் கடிதம் வந்திருந்தது. உப்பு ஏறாத, சுவர் கட்டிய, அடியில் தார்ப்பாய் விரித்த மேட்டுப் பாத்திகள் தயார். கூடவே மழைத் தண்ணீர்த் தொட்டி. மூன்று தீவுகளில் ஒன்றுக்கு மட்டும். உங்கள் தீவின் நிலைமை மிக நன்று என்றறிந்து மகிழ்ச்சி. எனினும் குழுவினர் அடுத்த தீவுக்குப் போகும் வழியில் சில மணி நேரம் இறங்கிப் பார்ப்பார்கள்.

அடுத்த சுற்று ஐந்தாறு வருஷம் கழித்து வரலாம். வராமலும் போகலாம். சலோவா கடிதத்தைத் தூக்கிக்கொண்டு தீவுத் தலைவர் டெலாவாவிடம் ஓடினாள்.

டெலாவா கடிதத்தில் ஒரே ஒரு சொல்லைத்தான் படித்தார். "விருந்தாளியா? எத்தனை பேரு?"

"ரெண்டு பேரு. மண்ணு படிச்ச ஒரு டாக்டரம்மா, ஃபிஜிக்காரங்க. கூட விவசாய இலாகாலேர்ந்து நெமியான்னு ஒருத்தர். தலைவரே, அவங்களை நேரா குழிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். அழுகினதைக் காட்டணும்."

"விருந்துக்கு வந்தவங்களுக்கு வீட்டுக் குப்பைத்தொட்டியத் திறந்து காட்டுவியா நீ?"

"காட்டலைன்னா பாத்தி வராது."

"அதெல்லாம் அவங்களே புரிஞ்சுப்பாங்க. படிச்சவங்கதானே?"

ஊர் இரண்டு நாள் வேலை செய்தது. உப்பில் பட்டுப்போன தென்னைகளை வெட்டி அப்புறப்படுத்தினார்கள். அலை அரித்த கரையில் வெள்ளை மணலைக் கொட்டிப் பெருக்கினார்கள். குழிகளின் மேல் பச்சைத் தென்னோலையை அழகாகப் பரப்பி மூடினார்கள். தீவு கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை என்று பார்த்தவர்கள் சத்தியம் செய்யலாம்.

இதில் போட்டி வேறு. தீவில் மேலப்பக்கம், கீழப்பக்கம் என்று இரண்டு கட்சி. பாட்டு, பந்து, மீன், சாப்பாடு, தேவாலயத்தைப் பெருக்குவது, எதிலும் ஒன்றை ஒன்று ஜெயிக்க வேண்டும். சலோவாவும் கைட்டுவும் கீழப்பக்கம். மேலப்பக்கத்துக்குப் பெரிய ஆள் பெனிட்டாலா, ஐம்பத்தாறு வயது, பீப்பாய் மாதிரி நெஞ்சு, அதற்குத் தகுந்த குரல். விருந்துக்குக் கீழப்பக்கம் மூன்று கிழங்கு கொண்டுவந்தது. அவை பக்கத்துத் தீவில் வாங்கியவை. விருந்தாளிகள் வந்த அதே கப்பலில், அவர்களுக்குப் பத்தடி தள்ளி, சாக்குக்குள் உட்கார்ந்து வந்தவை. மேலப்பக்கம் ஐந்து கொண்டுவந்தது. ஒவ்வொன்றும் கைக்குழந்தை பருமன். எங்கிருந்து வந்தன என்று யாரும் கேட்கவில்லை. அது மரியாதை இல்லை.

காலை எட்டு மணிக்கு இறங்கியவர்களுக்கு மாலை போட்டு, இளநீர் கொடுத்து, மண்டபத்தில் உட்கார வைத்து, நாலு வரவேற்புரையும் இரண்டு ஜெபமும் முடிந்தபோது பதினொன்று. கப்பல் இரண்டுக்குக் கிளம்ப வேண்டும். அதற்குமேல் தாமதித்தால் கடல் இறங்கி, கப்பலுக்கு ஆளேற்றும் படகு பாறை இடுக்கில் போகாது.

டாக்டர் மேரே தேங்காய்ப்பாலில் வேகவைத்த கிழங்கை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். "இந்தப் பருமன்ல நான் எங்கேயும் பார்த்ததில்லை. உங்க படிவம் சரிதான் போல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சலோவா குரலைத் தாழ்த்தினாள். "டாக்டரம்மா, அது பொய். எல்லாக் குழியும் உப்பு."

மேரே தட்டைப் பார்த்தாள். பிறகு சலோவாவைப் பார்த்தாள். "எழுதினது நீங்கதானே?"

"நான்தான்."

"இப்போ நான் எதை நம்பணும்? உங்களையா, இதையா?" விரலால் கிழங்கைத் தட்டினாள். "யாராவது ஒரு ஆம்பளை வந்து என் குழி செத்துடுச்சுன்னு சொல்லட்டும், போய்ப் பார்க்கறேன். கூப்பிடாம ஒருத்தர் குழிக்குள்ள நான் இறங்க மாட்டேன். ஃபிஜியிலேயும் அது தப்புதான்."

சலோவா கைட்டுவைப் பார்த்தாள். கைட்டு கூரையைப் பார்த்தான்.

பாட்டுப் போட்டி ஆரம்பித்தது. நடுவில் மரப்பெட்டி. அதைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்து உள்ளங்கையால் அறைய, பெண்கள் எழுந்து ஆட, மெதுவாகத் தொடங்கிய பாட்டு வேகம் ஏறி ஏறி, கடைசியில் மூச்சு முட்டி நிற்கும். ஒரு பக்கம் முடித்தால் அடுத்த பக்கம். இடைவெளியில் யார் வேண்டுமானாலும் எழுந்து எதிர்ப்பக்கத்தை நக்கலடிக்கலாம். மேலப்பக்கம் பிரமாதமாக முடித்து, பெனிட்டாலா மீசையைத் துடைத்துக்கொண்டபோது மணி பன்னிரண்டடிக்கப் பத்து நிமிஷம். சலோவாவுக்கு ஒன்று புரிந்தது. இந்த ஆண்கள் செத்தாலும் அழ மாட்டார்கள். ஆனால் தோற்கவும் மாட்டார்கள்.

எழுந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"மேலப்பக்கத்து மாமாக்களே, பாட்டுல நீங்க கொஞ்சம் பரவாயில்லை. ஆனா உப்புல எங்களை அடிச்சுக்க முடியுமா? இந்தத் தீவுலயே உப்புக் கரிக்கிற குழி என் புருஷன் கைட்டுவோடது. தண்ணிய எடுத்து அப்படியே மீன் குழம்பு வெக்கலாம். கிழங்கு அழுகி ரெண்டு வருஷம் ஆச்சு. உங்ககிட்ட அப்படி ஒண்ணு இருக்கா? பாவம், உங்களுக்கெல்லாம் சப்புனு இருக்கும்."

கைட்டுவின் முகத்தில் ரத்தம் ஏறியது. அன்றைக்கு இரவு வீட்டில் என்ன நடக்கும் என்று சலோவா கணக்குப் போட முயன்று விட்டுவிட்டாள்.

மேலப்பக்கத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மெலிந்த இயோபு. "ரெண்டு வருஷம்தானா? எனக்கு மூணு வருஷம்!"

"என்னடா மூணு?" என்றான் கைட்டு, உட்கார்ந்தபடியே.

"மூணுடா! என் குழியில நண்டு குடும்பம் நடத்துது. வந்து பாரு."

"நண்டு யாருக்கு வேணும்? எங்க குழியில கொடுவா மீனே நீந்துது!" என்று கீழப்பக்கத்தில் ஒரு கிழவர் எழுந்தார். அது பச்சைப் பொய். ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

அவ்வளவுதான். இருபது பேர் ஒரே நேரத்தில் தங்கள் நாசத்தை அளக்கத் தொடங்கினார்கள். மேரே கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து டார்ச் லைட் அளவில் ஒரு மீட்டரை எடுத்தாள். "இது சொல்லும். குடிக்கற தண்ணின்னா ஒண்ணு காட்டும். கிழங்கு மூணு வரைக்கும் தாங்கும். கடல் ஐம்பது. யாரு முதல்ல?"

முப்பத்தொரு கை உயர்ந்தது. இல்லை, முப்பது. பெனிட்டாலா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊரே குழிக்கு ஓடியது. பார்த்துப் பார்த்துப் பரப்பிய ஓலைகளைத் தாங்களே இழுத்து எறிந்தார்கள். கீழே கறுத்த தண்டு, புளித்த நாற்றம், இலை என்ற பெயரில் ஈரக் கந்தல். மேரே மீட்டரை முக்குவாள், எண்ணைச் சொல்வாள், நெமியா எழுதுவான், டெலாவா ஒரு தென்னை மட்டையில் கரியால் இரண்டு பக்கத்துக்கும் கோடு போடுவார்.

"ஒன்பது."

"ஐயோ, மானத்தை வாங்கிட்டியேடா!"

"பதினாலு."

"அது! அது!"

கைட்டுவின் குழி இருபத்தொன்று. கீழப்பக்கம் அவனைத் தோளில் தூக்கியது. அவன் சலோவாவைப் பார்த்துச் சிரிக்கவே சிரித்துவிட்டான். செத்த குழிக்காக ஒருவனைத் தூக்கிக்கொண்டு ஆடியது தீவின் வரலாற்றில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மேலப்பக்கத்து இயோபுவுக்குப் பதினாறு. அடுத்தவனுக்குப் பன்னிரண்டு. பத்தொன்பது ஒன்று வந்து கொஞ்சம் மூச்சு வந்தது. மணி ஒன்று ஆகும்போது முப்பது குழி முடிந்திருந்தது. கீழப்பக்கம் கையைத் தட்டிக்கொண்டு ஏளனப் பாட்டுக்குக் குரலைச் சரி செய்தது.

"இருங்க," என்றது ஒரு குரல். பெனிட்டாலா. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. நாய் மாதிரி மூச்சு இரைத்தது. "என் குழியைப் பார்க்கலையே?"

அவர் குழி தீவின் நட்ட நடுவில், புதர் வேலிக்குப் பின்னால். எட்டு வருஷமாக அதற்குள் வேறு ஆள் கால் வைத்ததில்லை. பெனிட்டாலா வேலியைத் தானே விலக்கி, மேரேயை ஒரு மூலைக்கு அழைத்துப் போனார். அவள் மீட்டரை முக்கினாள்.

"நாற்பத்தினாலு."

மேலப்பக்கம் கத்திய கத்தலில் காக்கை இல்லாத தீவில் வேறு ஏதேதோ பறவைகள் பறந்தன. கைட்டு தோளிலிருந்து இறக்கப்பட்டான்.

மேரே கத்தவில்லை. தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். குழி முழுக்கப் பச்சை. குடை குடையாக இலை. எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு. குழியின் மறு மூலைக்கு நடந்து மீட்டரை மறுபடி முக்கினாள். "ஒண்ணு."

எல்லோரும் அந்த மூலையை எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரே குழி. இந்த மூலை கடல், அந்த மூலை குடிதண்ணி," என்றாள். "யாரோ இப்போதான் கடல் தண்ணிய ஊத்தியிருக்காங்க." நெமியாவின் நோட்டை வாங்கி மூடினாள். "எனக்கு இதான் பயமே. ஒண்ணுல கலப்படம்னா, மத்த முப்பதும் அப்படித்தான்னு தலைநகர்ல சொல்வாங்க. நான் அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"நான் ஒண்ணும் பண்ணலை," என்றார் பெனிட்டாலா. "கடல் அடியிலேர்ந்து வருதுன்னு நீங்கதானே சொல்றீங்க?"

"ஒரு மூலைக்கு மட்டுமா?"

"அது கடலோட இஷ்டம்."

கரைப்பக்கம் கப்பல் ஒரு தடவை ஊதியது. சலோவாவுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. முப்பது பேர் வெட்கத்தை விட்டு ஓலையை எடுத்தாகிவிட்டது. இந்த ஒரு மனிதனின் மீசைக்காக எல்லாம் தண்ணீரில் போகிறது. கெஞ்சினால் சொல்ல மாட்டார். அதட்டினால் அடிக்க வருவார். யோசித்தாள்.

"விடுங்க டாக்டரம்மா," என்றாள் சத்தமாக. "பெனிட்டாலா அண்ணன் சொல்றது நிஜம்தான். அவரு ஊத்தியிருக்க முடியாது. கரை இங்கேர்ந்து எவ்வளவு தூரம்? அவருக்கு வயசு ஐம்பத்தாறு. முட்டி வலி. ஒரு கேன் தண்ணியத் தூக்கிட்டு இவ்வளவு தூரம் வர்றதுக்குள்ள மனுஷன் படுத்துடுவாரு. யாரோ சின்னப் பசங்க, இளவட்டம், அவங்க வேலையா இருக்கும்."

பெனிட்டாலாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"ஆமா," என்றான் கைட்டு. பெண்டாட்டி எங்கே போகிறாள் என்று அவனுக்கு இப்போது புரிந்துவிட்டது. "போன வாரம் படகைத் தள்ளவே அவரால முடியலை. நான்தான் பிடிச்சேன்."

"யாருடா பிடிச்சது?"

"கோவப்படாதீங்க அண்ணே. வயசானா அப்படித்தான். ஒரு கேன் இருபது லிட்டர், யாரால முடியும்?"

"ஒரு கேனா?" பெனிட்டாலாவின் குரல் வேலியைத் தாண்டிப் போனது. "ஆறு கேன்டா! ஆறு! மோட்டார் சைக்கிள்ல பின்னாடி ரெண்டு ரெண்டா கட்டி, மூணு நடை! வேலிக்கு வெளியில வண்டியை நிறுத்திட்டு, ரெண்டு கையிலயும் தூக்கிட்டு வந்து ஊத்தினேன்! முக்கால் மணி நேரம்! உன்னால முடியுமாடா சொங்கி?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதுக்கு எட்டியது. புதர் மறைவில் ஆறு காலி கேன்கள் இருந்தன. அவரே போய்க் காலால் ஒன்றை உருட்டிவிட்டார்.

மேரே நோட்டைத் திறந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், சிரிப்பை அடக்கத்தான். "எப்போ, எப்படி, எவ்வளவு, எல்லாம் வந்துடுச்சு. இதைத் தனியா எழுதிடலாம். மத்த முப்பதுல கிழங்கு அழுகி வருஷக்கணக்காச்சு, அதை இன்னைக்கு ஊத்தி உண்டாக்க முடியாது." பிறகு பெனிட்டாலாவிடம் திரும்பினாள். "ஐயா, இந்த மாதிரி குழியை இன்னைக்குத்தான் பார்க்கறேன். தீவுலயே நல்லா இருந்தது இது ஒண்ணுதான். இப்போ பலத்த மழை பெஞ்சு கழுவினாத்தான் உண்டு. இல்லைன்னா ரெண்டு வாரத்துல அந்த மூலை போயிடும், அப்புறம் மெதுவா மிச்சமும்."

மழை பெய்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். பெனிட்டாலாவுக்கும் தெரியும். அவர் ஓர் இலையைத் தடவினார்.

சலோவா நெமியாவிடம் போனாள். "பழைய படிவத்துல முப்பது நான் தெரிஞ்சே எழுதின பொய். எங்க வீட்டுக் குழி செத்தது எனக்குத் தெரியும். அதுக்கு என்ன உண்டோ அதை எழுதிக்குங்க. ஆனா பாத்தியை நிறுத்திடாதீங்க."

நெமியா தலையைச் சொறிந்தான். "அக்கா, எங்க அப்பாவும் குழி நல்லா இருக்குன்னுதான் சொல்றாரு, பெத்த மகன் என்கிட்டயே. எழுத்தர் வேலைக்கு வேற யாரு இருக்கா இங்க? விடுங்க. பட்டியல் போடறது நான்தான். முதல் இடம் உங்களுக்கு. அடுத்த கப்பலுக்கு அடுத்த கப்பல்ல சாமான் வரும். முப்பது பாத்தி."

"முப்பதா?"

"செத்த குழிக்கு ஒண்ணு. விதி அப்படி."

சலோவா பெருமூச்சு விட்டாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். பெனிட்டாலா இன்னும் அந்த மூலையிலேயே நின்றுகொண்டிருந்தார். யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். அலுவலகத்துக்கு அவள்தான் எழுத்தர்.

"அண்ணே, பட்டியல்ல உங்க பேரு இல்லை."

"ஏன்?"

"உங்களோடது மட்டும்தான் உசிரோட இருந்துச்சு. இன்னைக்குக் காலையில வரைக்கும். நீங்க ஊத்தினதை அவங்க கணக்குல எடுக்க மாட்டாங்களாம்."

பெனிட்டாலா திட்டுவார் என்று அவள் ஓரடி பின்னால் போனாள்.

"மத்தவனோட குழியெல்லாம் செத்ததுன்னு இலாகா எழுதியிருக்கா? முப்பதும்?"

"ஆமா."

"என்னோடது மட்டும் நல்லதுன்னு எழுதியிருக்கா? கையெழுத்து இருக்கா?"

"இருக்கு அண்ணே."

"அப்போ வா," என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தார். "கப்பல் கிளம்பறதுக்குள்ள மைக்குல படி. முப்பது பேரையும் பேரு பேரா படி. கடைசியா என்னோடதைப் படி. மெதுவா."

சலோவா படித்தாள். முப்பது செத்த குழிகள், சொந்தக்காரர் பெயரோடு, எண்ணோடு. கடைசியாக, பெனிட்டாலாவின் குழி சிறந்த நிலையில் இருந்ததால் அவருக்குப் பாத்தி கிடையாது. மேலப்பக்கம் மரப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அறையத் தொடங்கியது. பெனிட்டாலா எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்தார். கரையில் கப்பல் இரண்டாம் தடவை ஊதியது யாருக்கும் கேட்கவில்லை. மேரேயும் நெமியாவும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

மைக்கை வைத்துவிட்டு வந்து சலோவா புருஷன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைட்டு கன்னத்தில் கை வைத்திருந்தான்.

"என்ன மூஞ்சி? பாத்தி வருதுல்ல?"

"வந்து என்ன பண்றது," என்றான் கைட்டு. "அந்த ஆளுகிட்டே தோத்துட்டோமே."